வெள்ளைப் பூ மட்டும் போதுமாம்

மார்ச் 2

அடி கடுகு,

உன் கல்யாணம் முடிவதற்குள் என் உயிர் போய்விடும். கடற்கரையில் கல்யாணம், பூ வேலை முழுக்க என் தோழி என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டாய். காற்றைப் பற்றி யோசித்தாயா?

நேற்று எக்ஸ்ரே அறையில் வேலை முடிந்ததும் மொட்டை மாடியில் இரண்டு மூங்கில் கழிகளை நட்டு, பூவைக் கட்டி, எதிரே மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தேன். ரோஜா கொஞ்ச நேரத்தில் மொட்டையானது. லில்லி கழுத்தொடிந்து தொங்கியது. மஞ்சள் சாமந்தி மட்டும் உப்புத் தண்ணீர் தெளித்தும் சிரித்துக்கொண்டு நிற்கிறது. அம்மா மேலே வந்து பார்த்துவிட்டு, "யாருக்குடி கல்யாணம், ஃபேனுக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஆகவே வளைவு முழுக்கச் சாமந்தி. கழிகளைப் பழைய பெயிண்ட் டப்பாக்களில் மணல் நிரப்பி நிறுத்தப் போகிறேன். மேஜைக்குக் குட்டை ஜாடிகள், அடியில் கூழாங்கல். உன் கைப்பூங்கொத்துக்குக் கம்பி வேண்டாம், விரலைக் குத்தும். துணி நாடாவால் கட்டுகிறேன்.

ஃபோனில் எதுவும் அனுப்பாதே, பள்ளிக்கூட முகவரிக்குக் கடிதமாக எழுது என்று உத்தரவு போட்டிருக்கிறாய். டீச்சரம்மாவுக்குக் கடிதத்தில் திடீர் மோகம்! வளைவுக்குக் கீழே நாம் இருவரும் நிற்கிற மாதிரிப் படமும் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். சிரிக்காதே.

உன்
ஒட்டகம்

மார்ச் 9

அன்புள்ள ஒட்டகமே,

படத்தில் நான் உன் இடுப்பு உயரம்கூட இல்லை. இதற்கு உன்னை நேரில் கவனிக்கிறேன்.

சின்ன மாற்றம். அவருக்கு மஞ்சள் கண்ணை உறுத்துமாம். வெள்ளைப் பூ மட்டும் போதுமாம். "உன் ஃப்ரெண்டு நல்லாத்தான் செய்றாங்க, ஆனா இது நம்ம கல்யாணம்ல?" என்று மெதுவாகத்தான் சொன்னார். கோபித்துக்கொள்ளாதே. சேலையும் அவரே எடுத்துவிட்டார். பழுப்பு நிறம். எனக்கு எடுபடாதுதான், ஆசையாக வாங்கி வந்தவரிடம் எப்படிச் சொல்வது?

ஏப்ரலுக்குப் பிறகு பள்ளிக்கூடத்தை விட்டுவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். கட்டட வேலை நடக்கும் இடத்துக்கெல்லாம் அவர் போக வேண்டும், நானும் கூட இருந்தால் நல்லது என்கிறார்.

வெயிலில் மாடியில் நிற்காதே.

கடுகு

மார்ச் 16

கடுகு,

வெள்ளைப் பூவை விடு. 'முடிவு செய்திருக்கிறோம்' என்று எழுதியிருக்கிறாயே, முடிவு செய்தவர் ஒருவர், தலையாட்டியவள் ஒருத்தி. அதற்கு எதற்கடி பன்மை? உன் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னம் புரிந்துவிட்டது என்று எனக்கு ஃபோன் போட்டுக் கூத்தாடியவள் நீ.

வளைவுக்கு அளவெடுக்கப் போன வாரம் கடற்கரைக்கு வந்தேனே, அன்று நடந்ததை உன்னிடம் சொல்லவில்லை. நீ பை எடுக்கக் காருக்குப் போனாய். உன் ஃபோன் அவர் கையில் இருந்தது. "இவளுக்கு வேண்டாத மெசேஜா வருதுங்க. நான்தான் அப்பப்ப அழிச்சு வைக்கிறேன்" என்றார், பெரிய உபகாரம் செய்கிறவர் மாதிரி. நீ ஏன் பள்ளிக்கூடத்துக்கு எழுதச் சொன்னாய் என்று அப்போதுதான் உறைத்தது. மோகம் என்று கேலி செய்தேனே, என் வாயில் அடிக்க வேண்டும்.

கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பார்கள். உன் காரத்தை யார் பிடுங்கியது? நிறுத்து இந்தக் கல்யாணத்தை. நிறுத்தாவிட்டால் ஒரு பூவைக்கூடக் கட்டித் தரமாட்டேன்.

ஒட்டகம்

மார்ச் 22

நிறுத்து என்று சொல்ல நீ யாரடி?

அவர் வெள்ளை என்கிறார், நீ மஞ்சள் என்கிறாய். உனக்கு என்ன பிடிக்கும் என்று இரண்டு பேரில் யாராவது கேட்டீர்களா? கல்லூரியில் கணக்கு எடு என்றாய், எடுத்தேன். முடியை வெட்டு என்றாய், வெட்டிக்கொண்டு ஒரு வருஷம் அழுதேன். அவர் சொன்னால் அதிகாரம், நீ சொன்னால் நட்பா? அவராவது சிரித்துக்கொண்டே சொல்கிறார்.

சொந்தக்காரர்கள் எல்லோரையும் அப்பா வீடு வீடாகப் போய் அழைத்துவிட்டார். முழங்கால் வலியோடு படியேறிப் போனார். இப்போது அவர் முன்னால் போய் என்ன சொல்லச் சொல்கிறாய்? மாப்பிள்ளை என் ஃபோனைப் பார்க்கிறார் என்றா? "ஒளிக்க என்ன இருக்கு?" என்று அம்மா கேட்பாள்.

பூவும் வேண்டாம், நீயும் வேண்டாம். எழுதாதே.

மார்ச் 27

கடுகு,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பிறகு குப்பைக் கூடையில் கைவிட்டுப் பொறுக்கி ஒட்டினேன். சுள்ளென்று பட்டது. நீ கேட்டது நியாயம், அதனால்தான் அவ்வளவு கோபம்.

இனி நிறுத்து என்று சொல்லமாட்டேன். கேட்கிறேன், பதில் சொல்: உனக்கு என்ன பூ வேண்டும்? நீ என்ன சொல்கிறாயோ அதைக் கட்டித் தருகிறேன். அவரைப் பற்றிய என் எண்ணம் மாறவில்லை. அது என்னோடு இருக்கட்டும்.

ஒட்டகம்

ஏப்ரல் 3

மதிப்பிற்குரிய தோழிக்கு,

வணக்கம். தாங்கள் இதுவரை காட்டிய ஈடுபாட்டுக்கு நன்றி. மலர் அலங்காரப் பொறுப்பு வேறு ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. தாங்கள் சிரமப்பட்டு விழாவுக்கு வர வேண்டியதில்லை. பள்ளி முகவரிக்கு இனி கடிதம் அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் நலம் நாடும்
மணமகள்

ஏப்ரல் 6

கடுகுக்கும், இந்த உறையை அவளுக்கு முன்னால் பிரிக்கப் போகும் இன்ஜினியருக்கும்,

வீட்டு முகவரிக்கே அனுப்புகிறேன். நன்றாகப் படியுங்கள், ஐயா. கையெழுத்து அவளுடையது, 'தாங்கள்' அவளுடையது இல்லை. அவள் என்னைக் கழுதை என்றிருக்கிறாள், சனியன் என்றிருக்கிறாள். ஒருநாளும் தாங்கள் என்றதில்லை. நீங்கள் சொல்லச் சொல்ல எழுதினாள் என்பதைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே தேவையில்லை.

கடுகு, நான் வருவேன். பந்தலுக்குள் வரவில்லை. கடற்கரை யார் அப்பன் வீட்டுச் சொத்தும் இல்லை. ஐஸ் வண்டிகள் நிற்குமே, அங்கே நிற்பேன். கூப்பிடமாட்டேன், கத்தமாட்டேன். உனக்குச் சம்மதம் என்றால் தூரத்திலிருந்து வாழ்த்திவிட்டுப் போகிறேன்.

ஒட்டகம்

ஏப்ரல் 29
அக்கா வீடு

ஒட்டகமே,

ஃபோனில் பேசினால் நீ என்னைப் பேசவிடமாட்டாய், அதனால் எழுதுகிறேன். "நான் போய் நின்னேன், அவ எந்திரிச்சு வந்துட்டா" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாயாமே? எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. நான் எழுந்தபோது உன்னைப் பார்க்கவே இல்லை. நீ வந்திருப்பதே எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்த உன் கடைசிக் கடிதத்தை அம்மா அவரிடம் கொடுத்திருக்கிறாள், அவர் என் கண்ணில் காட்டவில்லை. அதற்கு முந்தையதை என் பையில் துழாவி எடுத்துத்தான் அந்தத் 'தாங்கள்' கடிதத்தை எழுத வைத்தார்.

பந்தலுக்குப் பக்கத்தில் எனக்கு அலங்காரம் செய்த கூடாரத்துக்குள் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. கேள்.

அக்கா தலை பின்னும்போது ஒரு மஞ்சள் சாமந்தி வைக்கச் சொன்னேன். நீ சொன்னதற்காக இல்லை. எனக்கு மஞ்சள் பிடிக்கும், அவ்வளவுதான். அவர் உள்ளே வந்தார். சிரித்துக்கொண்டே ஒரு கையால் என் தாடையைப் பிடித்து, மறு கையால் பூவை இழுத்தார். முடியோடு வந்தது. "சொன்னேன்ல?" என்றார், மெதுவாக. பக்கத்தில் நின்ற அம்மா, "மாப்பிள்ளைக்கு என்ன அக்கறை பாரு!" என்றாள்.

அழுதிருந்தால் அப்படியே உட்கார்ந்திருப்பேன். அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் கோபம். எழுந்து நின்றேன். "இந்தக் கல்யாணம் எனக்கு வேணாம்" என்றேன். "எல்லாரும் பாக்கிறாங்க, உக்காரு" என்றார். "பாக்கட்டும்" என்றேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

சத்தம் கேட்டு அப்பா வந்தார். எனக்குப் பயமெல்லாம் அவரை நினைத்துத்தான். என் தலையைப் பார்த்தார். பூவை இழுத்தவர் விரலில் சுற்றியிருந்த என் முடியைப் பார்த்தார். குனிய முடியாத மனிதர், மேஜையைப் பிடித்துக்கொண்டு குனிந்து என் செருப்பைத் தேடி எடுத்தார்.

"போட்டுக்கம்மா, மணல் சுடும்" என்றார்.

அதற்குப் பிறகுதான் ஐஸ் வண்டி, நீ, உன் ஒப்பாரி எல்லாம்.

அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் என் வகுப்பை வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். தலைமையாசிரியையோடு மல்லுக்கட்டி வேறு வகுப்பு வாங்கியிருக்கிறேன். நீ வந்து நின்றதற்கு நன்றி சொல்லமாட்டேன். வராமல் இருந்திருந்தால் உன்னைக் கொன்றிருப்பேன், அது வேறு.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இங்கே வா. முதலில் சண்டை, பிறகு சாப்பாடு.

இன்னும் கோபமாகவே,
கடுகு