வலைப் பெட்டியும் பெரிய கப்பியும்

ஹாலிஎல
2024.07.06

அன்பான ராத்தாவுக்கு,

பெரிய கப்பி மீனின் வால் பக்கத்துப் புள்ளி நேற்றிலிருந்து கறுத்திருக்கிறது, குஞ்சு போடப் போகிறது போல. உம்மாவுக்குக் கஞ்சி ஊட்டும்போதுதான் கண்டேன். உடனே தொட்டியில் தொங்கும் வலைப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். வெளியே விட்டால் குஞ்சுகளைத் தானே தின்றுவிடும் என்று கல்யாணமாகிப் போகும்போது சொன்னீர்களே.

உம்மாவின் இடது பக்கம் இன்னும் அசையவில்லை. நானே புரட்டிப் படுக்கவைக்கிறேன். என் பள்ளிக்கூடம் நின்று இரண்டு வருஷம். கூடப் படித்த ஜிப்னாவைச் சந்தியில் கண்டால் நான் மற்றப் பக்கத்தால் போய்விடுகிறேன்.

போனில் எனக்குப் பேச்சு வருவதில்லை. அதனால் உங்கள் பக்கம் வரும் இன்பாஸ் நானாவின் மரக்கறி லொறியில் இதை அனுப்புகிறேன்.

தங்கச்சி
ஸிஹாமா


மொனராகலை
2024.07.10

என் செல்லத் தங்கச்சி,

உன் கடிதத்தை மாமி பிரித்து வாசித்துவிட்டு, மீன் கதைதானே என்று தந்தார். எனக்கு அதுவே பெரிய சந்தோஷம்.

நானும் சுகமாக இருக்கிறேன். தலைப்பிள்ளையைப் பெறுவது தாய் வீட்டில்தானே. அடுத்த மாதம் வருகிறேன். பிள்ளை பிறந்து நாற்பது நாளும் நீதான் பார்க்க வேண்டும். உன் கையால் கஞ்சி குடிக்க ஆசையாக இருக்கிறது.

ராத்தா
ஷஹீலா


ஹாலிஎல
2024.07.15

அன்பான ராத்தாவுக்கு,

கப்பி பெட்டிக்குள் ஒன்றும் தின்னவில்லை. வலையில் இடித்து இடித்து வாய் வெளுத்துவிட்டது. வாப்பா பதுளை வளர்ப்பு மீன் கடை ஸனூஸ் காக்காவிடம் கேட்டு வந்தார். “புள்ளி கறுத்தா மட்டும் போதாது, வயிறு சதுரமாகணும். அதுக்கு முந்தி அடைச்சா பயத்துலயே செத்துரும்” என்றாராம். பெட்டியைத் திறந்து விட்டுவிட்டேன். குஞ்சுகள் ஒளிந்துகொள்ள ஓடையிலிருந்து நீர்ப்புல் கொண்டுவந்து போட்டிருக்கிறேன்.

ராத்தா, இன்னொன்று. வாயால் சொல்ல வெட்கம். நீங்கள் வருவதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. உம்மாவைத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போய்விட்டது. உங்களையும் பிள்ளையையும் சேர்த்துப் பார்க்க என்னால் ஏலாது. இந்தத் தரம் அங்கேயே இருந்துவிடுங்கள். கோபிக்க வேண்டாம்.

ஸிஹாமா


மொனராகலை
2024.07.20

ஸிஹாமா,

இதை அறை ஜன்னலால் இன்பாஸ் நானாவின் கையிலேயே கொடுக்கிறேன். இதை மாமி பார்க்க மாட்டார்.

உன் கடிதத்தை அவர் எல்லாருக்கும் முன்னால் வாசித்தார். “ஒன்ட தங்கச்சியே வேணாமாம். இனி எங்க போகப் போறாய்?” என்றார். நீ எழுதியதில் பொய் இல்லை.

கண் படும் என்று என்னை அறையை விட்டு வெளியே விடுவதில்லை. கிளினிக்குக்குப் போய் இரண்டு மாதம். உன் மச்சானும் தன் தாய்க்கு முன்னால் எனக்காகப் பேசுவதில்லை. எனக்கும் சோறு இறங்குவதில்லை. உனக்கு வேலை வைக்க நினைத்து நான் கேட்கவில்லை, தங்கச்சி.

ஏலாது என்றால் பதில் எழுதாதே. எனக்கு விளங்கும்.

ஷஹீலா


ஹாலிஎல
2024.07.24

ராத்தா,

மாமி வாசிப்பார் என்று தெரிந்தும் அப்படி எழுதிவிட்டேன். அது என் பிழை. இதை இன்பாஸ் நானா உங்கள் கையிலேயே தருவார்.

உங்கள் கடிதத்தை வாப்பாவிடம் நானே சத்தமாக வாசித்தேன். நடுவில் குரல் இரண்டு தரம் நின்றது. அவர் உடனே போய் இன்பாஸ் நானாவோடு பேசிவிட்டு வந்தார். வெள்ளிக்கிழமை காலையில் அதே லொறியில் வாப்பா வருகிறார். கிளினிக் கொப்பியை மட்டும் எடுத்து வையுங்கள். உடுப்பெல்லாம் இங்கே இருக்கிறது.

கப்பி இன்று காலை குஞ்சு போட்டிருக்கிறது. புல்லுக்குள் பதினொன்று எண்ணினேன்.

இடுப்பு வலி அப்படியேதான் இருக்கிறது. உம்மாவைப் புரட்டிவிட்டு, என் பாயைச் சமையலறைக்கு எடுத்துப் போனேன். அந்த இடத்தில், மீன் தொட்டிக்குப் பக்கத்தில், உங்கள் கட்டிலைப் போட்டேன்.

ஸிஹாமா