அப்பாவுக்கு நான் நடத்திய பாடம்

ஈப்போ,
மார்ச் 1988

அன்புத் தம்பி பாஸ்கலுக்கு,

மான்செஸ்டர் குளிரில் மாதா உன்னைச் சுகமாக வைத்திருக்க வேண்டிக்கொண்டு அக்கா எழுதுவது.

முதலில் சொல்லிவிடுகிறேன், பதறாதே. கிறிஸ்மசுக்கு முன்னால் அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்தது. இப்போது உயிருக்கு ஆபத்தில்லை. வலது கை இன்னும் சரியாகவில்லை. புத்தி தெளிவாக இருக்கிறது, வார்த்தைதான் மாறி வருகிறது என்றார் டாக்டர். கோப்பையை வாளி என்பார், நாற்காலியை லோரி என்பார். உன் பரீட்சை கெட்டுவிடுமே என்று மறைத்தேன். திட்டுவதானால் திட்டிக்கொள்.

நீ அங்கே படிப்புக்காகச் செய்யும் கம்ப்யூட்டர் எப்படிக் கற்றுக்கொள்கிறது என்று கேட்டு எழுதினேனே, அது இதற்காகத்தான். நீ பாவம், அக்காவுக்கும் ஆசை வந்துவிட்டது என்று பூரித்துப்போய்ப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாய். மூளை நரம்புகளைப் பார்த்துத்தான் அதை அமைக்கிறோம், தப்பான பதில் வந்தால் உடனே சரியானதைக் காட்டுவோம், உள்ளே இருக்கும் இணைப்புகள் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக் கடைசியில் கற்றுக்கொள்ளும் என்றாய். மூளையைப் பார்த்துச் செய்த பெட்டியே கற்கும்போது அசல் மூளை கற்காதா? எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அன்றே பாடம் ஆரம்பித்தேன். ஒரு தப்பையும் விடவில்லை. அப்பாவும் முயன்றார். ஒரு நாள் காலையில் சரியாகக் 'கோப்பி' என்று கேட்டார். நான் அழுதேவிட்டேன்.

போன ஞாயிறு பூசை முடிந்து, பழைய எஸ்டேட் ஆட்கள் அவரைப் பார்க்க வந்தார்கள். அப்பா நம் அடுத்த வீட்டு நவமணி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "வா, ரோசம்மா" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். உடனே நான் பெரிய டீச்சர் மாதிரி, "ரோசம்மா இல்லப்பா, அம்மாதான் செத்துட்டாங்களே! நவமணின்னு சொல்லுங்க, எங்கே இன்னொரு தரம்" என்றேன். அம்மா போனது அவருக்குத் தெரியாதா, பாஸ்கல்? வாய் தவறிவிட்டது, அவ்வளவுதானே!

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "அவரு என்ன பள்ளிக்கூடப் புள்ளையா? விடு லா, மேரி" என்று நவமணி அக்கா என்னை அதட்டினார். அன்றிலிருந்து அப்பா வாயே திறக்கவில்லை. கோப்பி வைத்தால் குடிக்கிறார், வைக்காவிட்டால் கேட்பதில்லை. காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். என் முகத்தைப் பார்க்கவில்லை.

எத்தனை தரம் திருத்தினாலும் உன் பெட்டிக்கு வெட்கம் கிடையாது. அப்பாவுக்கு இருக்கிறது. அதை நீ எழுதவில்லை என்று உன்மேல் குற்றம் சொல்வேனா? பெற்ற தகப்பனை நாலு பேர் நடுவில் கூனிக் குறுக வைத்தவள் நான். சோறு இறங்கவில்லை தம்பி.

நவமணி அக்கா வீட்டில் போன் வைத்திருக்கிறார்கள். நம்பர் பின்பக்கம் இருக்கிறது. ஞாயிறு சாயங்காலம் கூப்பிடு. நீ கூப்பிடும்வரை ஒவ்வொரு ஞாயிறும் அப்பாவை அங்கே கூட்டிப்போய் உட்கார வைப்பேன். உன் குரலுக்காவது வாய் திறப்பார் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். கடவுள் உன்னைக் கைவிட மாட்டார். ஒன்று மட்டும் கேட்கிறேன். அவர் உன்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும், "ஆமாம்ப்பா, நான்தான்" என்று சொல்லிவிடு, ராசா.

உன் அக்கா,
இருதயமேரி