ஒழுங்கையில் மூன்று அடி

மார்ச் 3, செவ்வாய்
காலையிலேயே புழுக்கம். கந்தோரில் மின்விசிறி ஓடவில்லை, நானும்தான். வீதி ஓவசியரான எனக்கு வேலை: சுனாமி வந்தால் சனம் தப்பி ஓட, கடற்கரையிலிருந்து பிரதான வீதிக்கு ஒரு பாதை. இருப்பது எங்கள் ஒழுங்கை என்ற ஒரே சந்து. பழைய வரைபடத்தில் பன்னிரண்டு அடி. இன்று நாடா பிடித்துப் பார்த்தால், அகலமான இடத்திலேயே எட்டு. நடுவில், ஹாஜியார் வீட்டு மதிலருகே ஓர் ஓட்டோ போவதே சந்தேகம்.

காரணம் இரகசியமில்லை. மகளுக்குக் கலியாணம் என்றால் வீடு கொடுக்க வேண்டும். மூத்தவளுக்கு உம்மாவின் வளவில். அடுத்தவளுக்கு அதன் பக்கத்தில். மூன்றாமவள் ஒழுங்கைக்குள் வந்துவிடுவாள்.

வாங்க: தேயிலை, கருவாடு, தலையிடி மாத்திரை (எனக்கு).

மார்ச் 5, வியாழன்
பள்ளிவாசலில் கூட்டம். பாதை வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானம். நிலத்தை அவரவர் எதிர்ப்பக்க வளவில் எடுக்க வேண்டும் என்பதிலும் ஒருமனம்.

ஹாஜியார்: "தம்பி ஓவசியர், ஏன்ட மதில நீங்க உடைக்கத் தேவல்ல. அலை வந்தா அதுவே உடைக்கும்." சபையில் சிரிப்பு. நானும் சிரித்துவிட்டேன். அதுதான் எரிச்சல்.

பின்னாலிருந்து ஒருவர்: "மேட்டுக்கு ஓடச் சொல்றீங்க. இஞ்ச மேடு எங்க இரிக்கி?" நியாயம். வீதியைத் தாண்டினால் வயல்.

மார்ச் 8, ஞாயிறு
ஒத்திகைக்கு இராணுவ முகாமில் அனுமதி. நிபந்தனை: கும்பலாக ஓடக்கூடாது. ஆகவே, நடந்து தப்பும் ஒத்திகை.

வானொலியில் வன்னிப் போர்ச் செய்தி. அங்கே சனத்துக்கு ஓடவும் இடமில்லை. நிறுத்திவிட்டேன்.

மார்ச் 11, புதன்
ஒத்திகை. ஒலிபெருக்கி அலறியதும் பாதிச் சனம் வீதிப் பக்கம். மீதி, கடல் என்ன செய்கிறது என்று பார்க்கக் கடற்கரைக்கு.

ராத்தாவை, என் மூத்த சகோதரியை, நானே ஓட்டோவில் ஏற்றினேன். ஒழுங்கையின் கடல் முனையில் வீடு, முழங்கால் இரண்டும் போய்விட்டது. அன்று சுனாமி அலை வந்தபோது நானும் அவர் கணவர் மச்சானும் அவரைக் கதவுப் பலகையில் தூக்கி வந்தோம். மச்சான் எங்கள் உம்மாவை எடுக்கத் திரும்பிப் போனார். இருவரும் வரவில்லை. பாதை யாருக்கு என்று சபையில் கேட்டால் 'பொதுமக்களுக்கு' என்பேன்.

ஹாஜியார் மதிலில் ஓட்டோ உரசி, சிக்கி நின்றது. பின்னால் வந்த சனமும் நின்றது. மதிலடியில் நின்றவரிடம் ராத்தா உள்ளிருந்து: "ஹாஜியார், நான் போகுமட்டும் அலை பொறுத்து நிக்குமா?"

அவர் பள்ளிவாசலுக்கு நடந்தார். அஸர் தொழுதுவிட்டு வந்தார். "மதில எடுக்கிறன் தம்பி."

மார்ச் 13, வெள்ளி
மதில் இறங்கியது! ஜும்ஆவுக்குப் போன சனமெல்லாம் நின்று பார்த்தது. இரவு நல்ல நித்திரை.

மார்ச் 16, திங்கள்
ராத்தா வரச் சொன்னார். மகளுக்கு நிக்காஹ் முடிவாகிவிட்டது. மாப்பிள்ளைக்குப் பொத்துவில் ஊர். வீட்டுக்கு இன்னுமோர் அறை வேண்டுமாம். எந்தப் பக்கம் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஒழுங்கப் பக்கம் மூணடி. மத்தப் பக்கம் கிணறு."

"ராத்தா, பிறகு உங்கட வாசலுக்கே ஓட்டோ வராது. உங்களுக்காகத்தான் இந்தப் பாதை."

"புள்ளைக்கு ஊடில்லாம நான் மட்டும் தப்பி எங்கடா போற?"

"ஹாஜியார் மதில உடைச்சவர். அவருக்கு என்ன சொல்ல?"

"அது மதில். இது ஊடு. வாப்பா இல்லாத புள்ள. மாமா நீயும் மாட்டனெண்டா, சொல்லு."

கிணற்றுப் பக்கம் நாடா பிடித்துப் பார்த்தேன். இடமில்லை.

மார்ச் 19, வியாழன்
வானம் மப்பு. மேசன் வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு, நிறுத்தத்தான் போனேன். ராத்தா கதிரையில் இருந்தபடி: "சும்மா நிக்காம நூலப் புடி. நேராப் புடி, ஓவசியர்."

பிடித்தேன்.

ஹாஜியார் வந்து, ஒழுங்கைக்குள் மூன்றடி வந்திருந்த நூலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். "ஏன்ட மதில்ட கல்லு சும்மாதானே கிடக்கு. எடுங்க. கலியாண ஊடு."

கல்லை ஓட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தோம். எங்கும் உரசவில்லை.