கடைசி வட்டத்து வீடு

ஜூன் 4

காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. மருமகள் சீப்பைத் தொலைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் எடுக்கவில்லை. பார்த்த பார்வையை மறக்க மாட்டேன்.

மதியம் தோளில் பையோடு ஒரு பெண் வந்தாள். தலைமுறை தலைமுறையாக ஏழ்மை ஏன் சில வீடுகளை விட்டுப் போவதில்லை என்று ஆராய்கிறார்களாம். "இதுக்குப் போயி ஆராய்ச்சியா? எங்க வீட்டுல ஒரு வாரம் தங்கு, தானா தெரிஞ்சிடும்" என்றாள் மருமகள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே குழாயடித் தரையில் எங்கள் சந்து முழுவதையும் சுண்ணாம்புக்கட்டியால் வரைந்தாள். வீட்டுக்கு ஒரு பாட்டில் மூடி. பக்கத்தில் நான்கு வட்டம். வசதியான வீடு முதல் வட்டத்தில், ஒன்றுமே இல்லாத வீடு கடைசி வட்டத்தில். ஞாயிற்றுக்கிழமை சந்தே கூடி மூடிகளை வைக்க வேண்டும். கடைசி வட்டத்துக்குத்தான் உதவி.

"ஆபீஸ்ல உக்காந்தா தெரியாது பாட்டி, பக்கத்து வீட்டுக்குத்தான் தெரியும். பல நாட்டுல இப்படித்தான் கேக்குறோம்" என்றாள்.

பல நாட்டிலும் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்க்கிறாள் என்று தெரிந்ததில் எனக்கு நிம்மதி.

ஜூன் 8

மூடிகளை வைத்தோம். ஒரே கூச்சல். தன் வீட்டை எல்லாரும் கீழே தள்ளினார்கள், அடுத்தவன் வீட்டை மேலே தூக்கினார்கள். தையல்காரர் சொந்த மூடியைக் கடைசி வட்டத்தில் வைக்கப் போனார். "உங்க வீட்டு ஃப்ரிட்ஜ் சத்தத்துல எனக்குத் தூக்கமே வரல" என்றேன். எடுத்துவிட்டார்.

நாத்தனார் மூடியை இரண்டாவது வட்டத்தில் வைத்தார்கள். என் வீட்டுக்காரரின் தங்கை, எங்களுக்கு அடுத்த அறை. "அவங்களுக்கு என்ன, தினம் ரெண்டு வேளை அடுப்பு எரியுது, வாசல் பளிச்சுன்னு இருக்கு" என்றார்கள். அவளும் தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றாள், மகாராணி மாதிரி.

எங்களுக்கு நடுவில் இருப்பது ஒரு தகரம். அடுப்பு எரிகிறது, கரண்டிச் சத்தமும் கேட்கிறது. வாசனைதான் வருவதில்லை. அவள் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறாள், சந்து கேட்கட்டும் என்று.

நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கென்ன? என் வீட்டுக்காரரைக் கிடத்தியிருந்தபோது ஊரே கூடி நிற்க, "இவ ஒழுங்கா பாத்திருந்தா எங்க அண்ணன் இன்னும் பத்து வருஷம் இருந்திருப்பான்" என்றவள் அவள். அன்று யார் யார் எங்கே நின்றார்கள் என்று இப்போதும் சொல்வேன்.

ஜூன் 9

நாத்தனார் பேத்தி அழுதுகொண்டிருந்தாள். அடுத்த வாரத்திலிருந்து பள்ளிக்கூடம் இல்லையாம், பொத்தான் தைக்கிற வேலையாம். அவள் அம்மாவையும் இதே வயதில்தான் நிறுத்தினார்கள்.

ஜூன் 10

யோசித்துப் பார்க்கிறேன். நூல் ஆலை திறந்தபோது இந்தச் சந்துக்கு எல்லாரும் ஒரே வருஷம்தான் வந்தோம். ஒரே மாதிரி அறை, ஒரே மாதிரி பாய். பிறகு ஏன் ஒரு வீடு மேலே போகிறது, ஒரு வீடு அப்படியே கிடக்கிறது? எங்களுக்குச் சாமர்த்தியம் என்றுதான் நினைத்திருந்தேன். என்ன சாமர்த்தியம்? என் மகன் சீக்கில் விழவில்லை, அவ்வளவுதானே? நாத்தனார் புருஷனுக்குப் பஞ்சுத்தூசி நெஞ்சில் இறங்கியது. வைத்தியத்துக்குத் தையல் மெஷினை விற்றாள். மெஷின் போனதும் மகளின் படிப்பு போனது. படிக்காத மகளுக்குப் பாத்திரம் தேய்க்கிற வேலை. இப்போது பேத்தி. அவள் என்ன சோம்பேறியா? என் எதிரிதான், ஆனால் சோம்பேறி இல்லை.

ஆராய்ச்சிப் பெண்ணைப் பிடித்துக் கேட்டேன். உதவி என்றால் பிழைக்க ஒரு பொருள், கற்றுக்கொடுக்க ஆள், சில மாதத்துக்குச் சாப்பாட்டுச் செலவு. இரண்டு வருஷம் வாராவாரம் வந்து பார்ப்பார்களாம்.

"மெஷினைக் குடுத்தா போதாதா? சாப்பாடு வேற எதுக்கு?"

"பசியில இருக்கிறவங்க மெஷினை எத்தனை நாளைக்கு விக்காம வச்சிருப்பாங்க பாட்டி?"

இதை நான் கேட்டிருக்க வேண்டியதில்லை. பார்த்தவள்தானே.

மூடியை மாற்றலாமா என்றேன். வெள்ளிக்கிழமை வரை மாற்றலாம், ஆனால் காரணத்தை எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும் என்றாள்.

இரவெல்லாம் அதே யோசனை. நான் போய்ச் சொன்னால், பழி தீர்க்க மானத்தை வாங்குகிறாள் என்பார்கள். அவளும் "பொய்" என்று சொல்லிவிட்டுப் போவாள். அவள் வாயிலிருந்தே வர வேண்டும். அந்த வாயை எப்படித் திறப்பது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

ஜூன் 12

குழாயடியில் கூட்டம். அவள் குடத்தை நகர்த்திவிட்டு என் குடத்தை வைத்தேன்.

"அண்ணி, நான்தான் முன்னாடி வந்தேன்."

"உனக்கென்னடி அவசரம்? ரெண்டாவது வட்டத்துக்காரி, ஆள் வச்சுத் தண்ணி பிடிக்கலாமே. தினம் விருந்து சமைக்கிற வீடு!"

"என் அடுப்பைப் பத்தி நீங்க பேசாதீங்க."

"ஏன் பேசக்கூடாது? கறியும் சோறுமா தின்னுட்டுப் பேத்தியைப் பொத்தான் தைக்க அனுப்புறியே, கஞ்சப் பிசினாறி!"

குடத்தைக் கீழே போட்டாள். "வெறும் தண்ணி! வெறும் தண்ணியைத்தான் கொதிக்க வைக்கிறேன், போதுமா? தகரத்துக்கு அந்தாண்ட படுத்துக்கிட்டு உங்களுக்குத் தெரியாதா? ஒரு நாளாவது சாப்பிட்டியான்னு கேட்டீங்களா?"

நான் விட்டிருக்கலாம். வேலை முடிந்துவிட்டது. ஆனால் நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "நீ என் புருஷன் பொணத்துக்கு முன்னாடி சொன்னதுக்குக் கேக்கணுமா?" என்று கத்தினேன். அவளும் கத்தினாள். மருமகள் என்னை இழுத்துக்கொண்டு வந்தாள்.

ஜூன் 13

தையல்காரர் மனைவிதான் போய் நாத்தனார் மூடியைக் கடைசி வட்டத்துக்கு நகர்த்தினாளாம். காரணத்தை யாரும் கேட்கவில்லையாம். சந்தே கேட்டிருந்ததே.

"வேணும்னே சண்டை போட்டீங்களா அத்தை?" என்றாள் மருமகள்.

பாதி என்றேன். மீதிப் பாதி இன்னும் பாக்கி இருக்கிறது.

ஜூலை 21

நாத்தனார் வீட்டுக்குத் தையல் மெஷின் வந்தது. பேத்தி பள்ளிக்கூடம் போகிறாள், ஒரு மாதப் பாடம் போய்விட்டது. நாத்தனார் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நானும்தான்.

செப்டம்பர் 2

மூச்சிரைப்பு வந்து நாத்தனார் புருஷனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இந்தத் தடவை மெஷினை விற்கவில்லை.

ஜனவரி 17

நாத்தனார் கதவுக்குப் பூட்டு வாங்கியிருக்கிறாள். இத்தனை வருஷத்தில் அந்தக் கதவுக்குப் பூட்டு இருந்ததே இல்லை. எதற்கு இருக்க வேண்டும்?

தைத்த துணிகளைக் கடையில் கொடுக்கக் கிளம்பியவள் எங்கள் வாசலில் நின்றாள். நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்க்காமல் மருமகளிடம் சாவியை நீட்டினாள். "பேத்தி ஸ்கூல் விட்டு வருவா, கதவைத் திறந்துவிடணும்னு உங்க மாமியார்கிட்ட சொல்லிடு."

என்னிடமா சொன்னாள்? அவள் போனதும் மருமகளிடமிருந்து சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். இன்று கண் டாக்டரைப் பார்க்கப் போக வேண்டிய நாள். போகவில்லை.