அடுப்பில் காய்ச்சிய பறை

அண்ணா,

சோறும் கருவாட்டுக் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு மீதியைப் படி.

மழையில் உன் பறையின் தோல் தொய்ந்திருந்தது. ஊர் ஊராகப் போகும் அந்த நாடகக் குழு ஆள் எடுக்கும் மண்டபத்தில் தீ மூட்ட விடமாட்டார்களாம். நீ வைக்கோல் தீயில் பத்து நிமிடம் காய்ச்சுவாய் என்று குறித்து வைத்திருந்தேன். தோல் இறுகட்டும் என்று வீட்டிலேயே அதே பத்து நிமிடம் கேஸ் அடுப்பில் காட்டினேன். தோல் நான்கு விரல் நீளம் கிழிந்துவிட்டது.

தேவேந்திரன் மாமாவிடம் போனில் அவருடைய பறையைக் கேட்டேன். "சண்ட போட்டுட்டுப் போனான் இல்ல, அவனே வந்து கேக்கட்டும்" என்றார். நீ கேட்கமாட்டாய்.

நான் வகுப்புக்குப் போகாமல் மாமாவின் ஊரான சிங்கவரம் போகிறேன். அவர் வாசலில் நிற்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. மாலை ஆறு மணிக்கு மண்டபத்தில் உனக்குத் தேர்வு.

வெண்மதி

உன் பாயில் போர்வை போர்த்தி வைத்திருப்பது பறைதான். நான் வரும்வரை திறந்து பார்க்காதே.