ஹாலில் ஒரு தலையணை உறைக் கடை

மார்ச் 3, செவ்வாய்

வேலையை விட்டு ஒரு வாரம். கர்ட்டன்காரர் கடையில் தையல்காரியாகப் பத்து வருஷத்துக்கு மேல் நின்ற கால், காலை ஒன்பது மணியானால் இன்னமும் செருப்பைத் தேடுகிறது. மானங்கெட்ட கால்.

வேலையை விட்ட அன்று, வாடிக்கையாளர் முன்னாலேயே கர்ட்டன்காரர் என்னைக் கத்தினார். "பல்லால நூலைக் கடிக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது? இது கடையா, எலி வளையா?" வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "என் வீட்டு ஹால்ல உட்கார்ந்து உங்களைவிட நல்லா வித்துக் காட்டறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். கடை முழுக்கக் கேட்டது. இனி விற்றுத்தான் ஆகவேண்டும்.

தலையணை உறை. ஆன்லைனில். ஜிப் வெளியே தெரியாமல் தைப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதை நானேதான் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மார்ச் 9, திங்கள்

அண்ணன் ஹாலில் பாதியை விட்டுக்கொடுத்தான். சோஃபாவை நாலடி நகர்த்துவதற்குள் மலையையே நகர்த்துகிறவன் மாதிரி முனகல். "ஆன்லைன் கடைன்னா இடமே வேண்டாம்னு நினைச்சேன்." துணியை எங்கே அடுக்குவதாம், வானத்திலா?

அண்ணி கிளினிக்கிலிருந்து வந்ததும் (பல் டாக்டரிடம் ரிசப்ஷனில் இருக்கிறார்) முதல் உறையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சூப்பரோ சூப்பர்!" என்றார். அவருக்கு எதுதான் சூப்பர் இல்லை? உப்புப் போட மறந்த சமையல் சூப்பர். அண்ணனின் குறட்டையைக்கூட ஒரு நாள் சூப்பர் என்று சொல்லிவிடுவார். இந்த வாயிலிருந்து வரும் பாராட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மார்ச் 17, செவ்வாய்

கடை திறந்தாச்சு. படம் எடுத்தது அண்ணன். எல்லாப் படத்திலும் ஓரமாக அவன் கட்டைவிரல். "கை நடுங்கிடுச்சு" என்றான். நடுங்கினால் படம் கலங்கும், விரலா முளைக்கும்? எல்லாவற்றையும் நானே மறுபடி எடுத்தேன்.

மார்ச் 20, வெள்ளி

ஒருத்தரும் வரவில்லை. நிஜக் கடையாக இருந்தால் ஈயாவது ஓட்டலாம். இங்கே ஓட்டுவதற்கு ஈயும் இல்லை.

மார்ச் 24, செவ்வாய்

போனைப் பார்க்கக் கூடாது என்று வைராக்கியம். பார்த்தேன். ஒன்றுமில்லை. அத்தனை பேரும் உறையில்லாத தலையணையில்தான் படுக்கிறார்களா? படுக்கட்டும்.

மார்ச் 29, ஞாயிறு

ஆர்டர்! நீலப் பூப்போட்டது, ரெண்டு ஜோடி. முன்பின் தெரியாத பெயர். சந்தோஷம் என்று எழுதலாமா? எழுதுகிறேன். சந்தோஷம்.

ஏப்ரல் 6, திங்கள்

தினம் ஒன்றாவது வருகிறது. பார்சல் ஒட்டி ஒட்டி விரலெல்லாம் பசை.

விமர்சனமும் எழுதுகிறார்கள். "உறை சூப்பரோ சூப்பர்." இன்னொருத்தி, "தையல் சூப்பரோ சூப்பர்." உலகமே அண்ணி மாதிரிப் பேச ஆரம்பித்துவிட்டது. வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா இவர்களுக்கு? காசு கொடுத்து வாங்குகிறார்கள், போகட்டும்.

ஏப்ரல் 16, வியாழன்

கர்ட்டன்காரர் கடை கேஷியர் போன் செய்தாள். "ஐயா உன்னைத் திரும்பச் சேர்த்துக்கிறாராம். எல்லார் முன்னாடியும் ஒரு மன்னிப்பு மட்டும் கேட்டுடணுமாம்."

மட்டும்!

"எனக்கு ஆர்டர் பார்க்கவே நேரமில்லைன்னு சொல்லு" என்று வைத்துவிட்டேன். வைத்த சூட்டோடு புதிதாகத் துணி வரவழைத்தேன். பச்சைக் கோடு, மஞ்சள் கட்டம், இன்னும் என்னென்னவோ. ஹாலில் அண்ணன் இப்போது பக்கவாட்டில்தான் நடக்க முடியும்.

ஏப்ரல் 27, திங்கள்

பல் உடைந்துவிட்டது. நூலைக் கடிக்கும்போது, முன்பல்லில் ஒரு சில்லு. கர்ட்டன்காரர் காதுக்குப் போகாமல் இருக்கவேண்டும்.

"உங்க டாக்டர்கிட்டயே காட்டறேன் அண்ணி" என்றால், அண்ணி முகம் வெளிறிப்போகிறது. "அவரு... அவ்வளவு நல்லாப் பார்க்க மாட்டாரு. வேற இடம் போகலாமே." வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றை நன்றாக இல்லை என்கிறார், அதுவும் சம்பளம் தருகிறவரை!

ஏப்ரல் 28, செவ்வாய்

அண்ணி சாப்பிடப் போகும் நேரம் பார்த்து, சொல்லாமல் கிளினிக்குக்குப் போனேன்.

காத்திருக்கும் அறையில் சோஃபா மெத்தைகளுக்கு நீலப் பூ. என் நீலப் பூ. உள்ளே நாற்காலியில் தலை வைக்கிற இடத்தில் என் சிவப்புப் புள்ளி. அதன்மேல்தான் என் தலை. டாக்டர் கண்ணாடி வைத்த குச்சியை என் வாய்க்குள் விட்டுக்கொண்டு சொல்கிறார்: "உறை நல்லாருக்கில்ல? நம்ம ரிசப்ஷன் மேடம் கொடுத்தாங்க. இங்க வேலை செய்யற எல்லார் பேர்லயும் ஆர்டர் போட்டாங்க. நர்ஸ் வீட்டு அட்ரஸ்கூட விடலை."

வாயைப் பிளந்தபடி கிடந்தேன். திட்டக்கூட வழியில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். எல்லாமே நீங்கதானா? சூப்பரோ சூப்பர் அத்தனையும்?

அண்ணி அழுதார். "நீ எந்நேரமும் அந்தப் போனையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தே. என்னால பார்க்க முடியலைடி. ஒண்ணு போட்டேன். நீ சிரிச்சே. அப்புறம் நிறுத்த முடியலை."

"என்னைப் பைத்தியக்காரி ஆக்கிட்டீங்களே அண்ணி! கர்ட்டன்காரர் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டப்போ எவ்வளவு திமிரா பேசினேன் தெரியுமா?"

"போன வாரம் போச்சே, பச்சைக் கோடு, அது மட்டும் நான் இல்ல. சத்தியமா."

இன்னும் பொய். ஆறுதலுக்கு ஒன்று மிச்சம் வைத்திருக்கிறார்.

ஏப்ரல் 29, புதன்

பேசவில்லை. அண்ணி தட்டில் வைத்தார். சாப்பிட்டேன். பேசவில்லை.

மே 3, ஞாயிறு

யோசித்துப் பார்த்தால் எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்? அத்தனை விமர்சனத்தையும் நக்கலடிக்கத் தெரிந்த எனக்கு, அது யார் குரல் என்று தெரியவில்லை. பெரிய அறிவாளி.

நாளைக்குக் கர்ட்டன்காரருக்குப் போன் செய்வதாக முடிவு. மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது வார்த்தையிலேயே கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். சீ, என்ன பிழைப்பு.

மே 4, திங்கள்

கர்ட்டன்காரர் நம்பரைத் தேடப் போனை எடுத்தேன். புதிதாக ஒரு விமர்சனம்.

"பச்சைக் கோடு வாங்கினேன். ஜிப் பாதியிலேயே நிக்குது. மேலயும் போகலை, கீழயும் வரலை. படத்துல இருக்கற பச்சை வேற, வந்த பச்சை வேற. இதை மாத்திக் கொடுக்கலைன்னா சும்மா விட மாட்டேன். இதெல்லாம் ஒரு கடையா?"

நின்றபடியே படித்தேன். உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தேன். அண்ணியால் ஏழு பிறவி எடுத்தாலும் இப்படி எழுத முடியாது.

"அண்ணி!" என்று கூப்பிட்டேன். ஒரு வாரம் கழித்து. சமையலறையிலிருந்து ஓடி வந்து, ஈரக்கையோடு போனை வாங்கிப் படித்தார். மூஞ்சி சிவந்துவிட்டது. "யாரு இவ? என்ன வாய் இவளுக்கு! இரு, நானே நல்லா நாலு வார்த்தை பதில் எழுதறேன்."

போனைப் பிடுங்கிக்கொண்டேன். "மரியாதையா பேசுங்க அண்ணி. அவங்க என்னோட முதல் கஸ்டமர்."