படையலில் வைக்காத புகையிலை

அப்பா,

இன்று உங்கள் வருஷத் திவசம். கருவாட்டுக் குழம்பு, வடை என்று உங்களுக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்தோம். சித்தப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு புகையிலைப் பொட்டலத்தை எடுத்து இலை ஓரத்தில் வைத்தார். "அண்ணனுக்கு இது இல்லாம சோறு எறங்காது" என்றார்.

சின்ன வயதில் பீடிப் புகை பட்டாலே எனக்கு இழுப்பு வந்துவிடும். ஒருநாள் மூச்சுக்குத் தவித்த என்னைத் தூக்கிக்கொண்டு ரெட்டிபாளையத்திலிருந்து அரியலூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினீர்கள். திரும்பி வந்ததும் பீடிக்கட்டைச் சாக்கடையில் வீசினீர்கள். "இனிமே தொட மாட்டேன் பாப்பா." சொன்னபடியே தொடவில்லை. அதற்குப் பதிலாகப் புகையிலையைக் கன்னத்துக்குள் அடக்கத் தொடங்கினீர்கள். சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றுகிறவர்கள் பலரும் அதைத்தான் செய்தார்கள், தூசி தொண்டைக்குள் போகாது என்று நம்பி. எங்கப்பா எனக்காகப் பீடியை விட்டுவிட்டார் என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டேன். ஷிப்டுக்குக் கிளம்பும்போது சாப்பாட்டுப் பையில் பொட்டலத்தை நானே எடுத்து வைப்பேன். அம்மா திட்டினால், "அதுலதான் புகையே இல்லியே, என்னா பண்ணிடும்?" என்று உங்களுக்காக வாயாடுவேன்.

பிறகு, நான் காலேஜில் படிக்கும்போது, உங்கள் வலது கன்னத்துக்குள் எரிச்சல் வந்தது. ரசம்கூடக் காந்துகிறது என்றீர்கள். புகையிலையோடு கசக்கும் சுண்ணாம்பு சுட்டிருக்கும் என்று நினைத்தேன். "கொஞ்ச நாளு அந்தப் பக்கம் வச்சுக்குங்கப்பா" என்றேன். விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. பக்கத்தை மாற்றத்தான் சொன்னேன். உங்கள் வாய்க்குள் ஒருமுறைகூட எட்டிப் பார்க்கவில்லை.

எரிச்சல் ஆறாமல் கடைசியில் நாம் போய்ப் பார்த்த திருச்சி டாக்டர் நிதானமாகத்தான் விளக்கினார். கெடுதல் புகையில் மட்டும் இல்லையாம். இலையைப் பதப்படுத்தும்போதே நைட்ரோசமைன் என்ற ரசாயனங்கள் அதில் உண்டாகிவிடுகின்றன, அடக்கி வைத்த இடத்தில் எச்சிலோடு கசிந்து சதைக்குள் இறங்குகின்றன, புற்றுநோயைக் கொண்டுவருவது அவைதான், பல பேருக்கு முதலில் ஒரு வெள்ளைத் திட்டாகத்தான் தெரியும் என்றார். நான் தலையை நிமிர்த்தவே இல்லை. நீங்கள் டாக்டரை விட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் உங்கள் வாய் திறந்தது. "அழுவாத பாப்பா, இழுப்பு வந்துடும்" என்றீர்கள்.

எனக்கு இழுப்பு நின்று வருஷங்கள் ஆகின்றன. இது உன் தப்பில்லை என்று அம்மாவும் சொல்லிப் பார்த்துவிட்டாள். ஆனால் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துவிடும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது அப்பா. இந்த மூச்சுக்காகத்தானே நீங்கள் பீடியை விட்டீர்கள்.

இன்று அந்தப் பொட்டலத்தை இலையிலிருந்து எடுத்துவிட்டேன். சித்தப்பாவின் முகம் சுண்டிவிட்டது. "செத்தவருக்குக் கூடவா இல்லங்கற?" என்றார். பேசும்போது அவர் கன்னத்திலும் ஒன்று அடங்கியிருந்தது தெரிந்தது.

"நீங்களும் துப்பிட்டு வாங்க சித்தப்பா. அப்பறந்தான் சூடம் காட்டுவேன்."

முணுமுணுத்துக்கொண்டே கொல்லைக்குப் போய் வாய் கொப்பளித்து வந்தார். செல்போன் வெளிச்சத்தைப் பிடித்து, உங்களிடம் ஒருநாளும் சொல்லாததை அவரிடம் சொன்னேன்.

"வாயத் தொறங்க, பாக்கறேன்."

உள்ளே வெள்ளையாக ஒரு திட்டு இருந்தது. நாளைக்குக் காலையில் அவரோடு திருச்சிக்குப் பஸ் ஏறுகிறேன் அப்பா.